இரண்டு தொடையும் ஒரே அளவு

மார்ச் 4
கோச் இன்று இன்னும் இரண்டு டப்பா புரோட்டீன் பொடி கொண்டுவந்து வைத்தார். எனக்கொன்று, நெட்டைக்கொன்று. இரண்டு பேரும் ஒரே வாலிபால் டீம், ஒரே மாதத்தில் முட்டி ஜவ்வு ஆபரேஷன். “காலைல, ராத்திரி கலக்கிக் குடி. இளைச்ச தொடை தன்னால ஏறும்.” விற்பது அவர் மச்சான் கடையில். பிசியோ அறை இருப்பதும் அந்தக் கடை மாடியில்தான். ஆடு நனையுதேன்னு ஓநாய் அழுத கதை.

மார்ச் 9
“எல்லாரையும் சந்தேகப்பட்டா உடம்பு எப்படிடி தேறும்?” – அம்மா. குடித்துக்கொண்டுதானே இருக்கிறேன்!

மார்ச் 17
பிசியோ டேப் வைத்து அளந்தாள். ஆபரேஷன் செய்த காலின் தொடையும் நல்ல காலின் தொடையும் ஒரே அளவு. கோச் என் காலைப் படம் பிடித்தார், கடையில் மாட்டவாம். “பொடி வேலைய காட்டிடுச்சு பாத்தியா! அடுத்த மேட்ச்ல இறங்கு.” சந்தோஷப்பட வேண்டியதுதானே? ஆனால் படி இறங்கும்போது ஆபரேஷன் செய்த கால் இன்னும் உதறுகிறதே.

மார்ச் 18
ஆபரேஷனுக்கு முன்பு தொடையை இறுக்கிப் பிடித்த டைட்ஸை எடுத்துப் போட்டுப் பார்த்தேன். இரண்டு பக்கமும் தொளதொள. அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். அடப்பாவிகளா, நல்ல கால் இளைச்சுல்ல இதோட சமமா வந்திருக்கு! மாசக்கணக்கா ஓடாம கிடந்தா எந்தக் கால்தான் இளைக்காது? பிசியோவுக்கு இது தெரியாதா – தெரிந்தும் வாயை மூடிக்கொண்டாளா?

மார்ச் 19
கேட்டேவிட்டேன். பிசியோ கோச்சின் முகத்தைப் பார்த்தாள். அவர் என்னைப் பார்த்தார். “பயமா இருக்குன்னு சொல்லு, ஒத்துக்கறேன். நீ இல்லன்னா நெட்டை.”

மார்ச் 20
நெட்டைக்குப் போன் செய்து எல்லாம் சொன்னேன். “உங்க இடம் எனக்குக் கிடைக்குதுன்னு வயித்தெரிச்சலாக்கா?” வைத்துவிட்டாள். இப்போது சந்தேகம் என் மேல்.

மார்ச் 24
கேலரியில் உட்கார்ந்து மேட்ச் பார்த்தேன். நெட்டை எம்பும் ஒவ்வொரு தடவையும் கண்ணை மூடிக்கொண்டேன். நான் சொன்னது தப்பாவே இருக்கட்டும், சாமி. கடைசி செட்டில் ஒற்றைக் காலில் இறங்கினாள். எழுந்திருக்கவில்லை.

மார்ச் 26
நெட்டையின் அம்மா பேசினார்கள். “உன் ஊன்றுகோல் வீட்ல இருக்காம்மா? எங்களுது வாடகைக்கு எடுத்தது, திருப்பிக் குடுத்துட்டோம்.” என் வாக்கு பலித்ததற்கு இப்படி அழுவேன் என்று நினைக்கவில்லை. பரண்மேலிருந்து இறக்கித் துடைத்தேன். அவள் உயரத்துக்கு இழுத்து வைத்தேன்.