மூன்று பல் சாவி

ஜனவரி 9

காலையில் பல்கலைக்கழக நூலகத்தில் கடைசிப் புத்தகங்களைத் திருப்பிக் கொடுத்தேன். எம்.ஏ. முடித்தவன் இன்னும் பழைய அட்டையோடு அலைகிறானே என்று நூலகர் நினைத்திருக்கலாம்.

மதியம் தோல் வைத்தியரின் கிளினிக். பிரெஞ்சு மட்டும் பேசும் நோயாளிகளுக்கு மொழிபெயர்க்கும் வேலை. துபாஷி உத்தியோகம் என்கிறாள் அம்மா. விதி ஒன்றுதான்: கூட்டாதே, குறைக்காதே. நோயாளி 'நான்' என்றால் நீயும் 'நான்' என்று சொல். 'அவர் சொல்கிறார்' என்று தள்ளி நிற்கக் கூடாது.

இன்றைய ஆள் கிளோத். ஐம்பதைத் தாண்டிய பிரெஞ்சுக்காரர். பிள்ளைச்சாவடியில் அறை எடுத்திருக்கிறார், உடம்பில் பச்சை குத்தியதை லேசரால் அழித்துக்கொள்ள. சட்டையைக் கழற்றினார். இடது மார்புக்குக் கீழே பச்சை குத்தியிருந்தது: ஓரம் வளைந்து வளைந்து போகும் ஓர் இலை. இலையின் காம்பு நீண்டு சாவியாக முடிகிறது. சாவிக்கு மூன்று பல்.

டாக்டர் அமுதவல்லி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். "இன்னா எலைப்பா இது, பப்பாளியா?"

கிளோத் சொன்னார். நான் சொன்னேன்: "நான் ராணுவத்தில் இருந்தபோது குத்திக்கொண்டது. என் ரெஜிமென்ட்டின் சின்னம்."

"அடடே, சொல்தாவா! பிரெஞ்சுப் பட்டாளத்துல இருந்து பென்ஷன் வாங்கற சொல்தா நம்மூர்ல தெருவுக்கு நாலு பேரு இருக்காங்களே."

லேசர் பட்டதும் மெத்தையை இறுகப் பிடித்தார். முனகல். எரிந்த மயிரின் வாசனை.

"இதுக்கே இப்படின்னா எப்படித்தான் சண்டை போட்டாரோ. ஏம்பா, இதைச் சொல்லிடாத."

சொல்லவில்லை.

அந்த இலையை எங்கோ பார்த்திருக்கிறேன்.

ஜனவரி 10

ரகசியச் சங்கங்களைப் பற்றிய என் எம்.ஏ. ஆய்வேட்டின் அடிக்குறிப்பு ஒன்றில் அந்த இலை இருக்கிறது. தபால்தலை அளவு படம். கிழக்கு பிரான்சில் வெள்ளையர் மட்டும் சேரும் ரகசியச் சங்கம். சாவிக்காரர்கள்.

ரெஜிமென்ட் இல்லை.

'நான்' என்று சொன்ன வாய் என் வாய்.

ஜனவரி 15

பொங்கல். பிரான்சிலிருந்து தீபா அக்கா வீடியோவில் வந்தாள். குக்கரில் பொங்கல் வைத்திருக்கிறாள், ஜன்னலுக்கு வெளியே பனி. அவள் மகள் பூவிழி நாலு வயதுக்கு அதிகமாகவே பேசுகிறாள். செத்ரிக் அத்தான் பின்னால் நின்று கையசைத்தார். பேத்தியைப் பார்க்க தேவதாஸ் மாமாவும் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். அத்தானின் அப்பா. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். பேத்தி பிரெஞ்சில் கேட்டால் தமிழில் பதில் சொல்வார், தமிழில் கேட்டால் பிரெஞ்சில்.

எல்லோரும் போன பிறகு வரைபடத்தைத் திறந்தேன். அக்காவின் ஊருக்கும் அடிக்குறிப்பில் இருந்த ஊருக்கும் இடையில் என் சுண்டுவிரல் அகலம்.

அதனால் என்ன? எத்தனையோ பேர் இருக்கும் ஊர்.

பிப்ரவரி 20

இரண்டாம் முறை. இலையின் ஓரம் சாம்பலாகியிருக்கிறது.

உடைந்த மை எங்கே போகிறது என்று கிளோத் கேட்டார்.

"கொஞ்சம் ஒண்ணுக்குல போவும். மீதி, அக்குள்ல நெறி கட்டும்ல, அந்த முடிச்சுங்கள்ல போயி உக்காந்துக்கும்."

"முழுசா போகாதா மேடம்?" இதை அவர் கேட்கவில்லை. நான் கேட்டேன்.

"தோல்லேந்து போவும். ஒடம்புலேந்து போவாது."

வாசலில் ஆட்டோவுக்கு நின்றோம். சங்கத்தின் பெயரைப் பிரெஞ்சில் சொன்னேன். பெயரை மட்டும். பெரிய மார்க்கெட் பக்கமிருந்து ஒரு மீன்கூடைக்காரி எங்கள் இருவருக்கும் நடுவில் புகுந்து போனாள்.

பிறகு சொன்னார்: இங்கே யாருக்கும் தெரியாது என்றுதான் வந்தேன். என் ஊரில் டாக்டரிடம் போனால் மறுநாளே அவர்களுக்குத் தெரிந்துவிடும்.

பிப்ரவரி 21

நேற்று கிளோத் மேலும் சொன்னதை எழுதிவைக்கிறேன். தூக்கம் வராது போலிருக்கிறது.

முதலில் காட்டுப்பன்றி வேட்டைக்குப் போகும் ஏழு நண்பர்கள். ஒரு குடிசை, பீர், சிரிப்பு. ஒருவன் எதையோ படித்துவிட்டு வந்தான்: நம் ஊரில் நாம் குறைந்துகொண்டே போகிறோம். அதற்குப் பிறகு கதவைச் சாத்திக்கொண்டு பேசினார்கள். சாத்திய கதவுதான் ருசி என்றார். பேசியது எல்லாம் கடைத்தெருவிலும் பேசுகிற பேச்சுதான். பிறகு சத்தியம், பட்டப்பெயர், பதவி. மூத்தவன் இளையவனுக்கு ஊசியால் குத்தும் குறி. மூன்று ஊர்களில் கிளைகள். இவருடைய கிளைக்கு மட்டும் சாவியில் மூன்று பல். ஒரு துருக்கியரின் கடையை எரித்தார்கள். இவர் வண்டி ஓட்டினார்.

சங்கம் விழுந்தது எப்படி? பொருளாளருக்கும் தலைவனுக்கும் பெண் விஷயத்தில் சண்டை. சந்தாவில் சண்டை. கடைசிக் கூட்டத்துக்கு வந்தவர்கள் ஒன்பது பேர். அதில் நாலு பேர் போலீசுக்குத் தகவல் கொடுப்பவர்கள் என்று பிறகு தெரிந்தது. "அவர்கள் இல்லாவிட்டால் கூட்டம் நடத்தவே ஆள் இருந்திருக்காது."

சிரித்தார். நானும் சிரித்துவிட்டேன். ஏன் சிரித்தேன்?

என் ஆய்வேட்டில் கு க்ளக்ஸ் கிளானைப் பற்றி ஓர் அத்தியாயம். அமெரிக்க உள்நாட்டுப் போரில் தோற்ற வெள்ளையர் படையின் சில ஆட்கள் பொழுதுபோகாமல் ஆரம்பித்தது. அடங்கியது. அரை நூற்றாண்டு கழித்து மறுபடி கிளம்பியது. அங்கி விற்று, சந்தா வாங்கி, லட்சக்கணக்கில் ஆட்கள். பிறகு ஒரு தலைவன் கொலை வழக்கில் உள்ளே போனான், பங்குச் சண்டை, வரி பாக்கி. 'வீழ்ச்சி' என்று உட்தலைப்புப் போட்டேன். நல்ல மதிப்பெண். விழுந்தது எங்கே போய் உட்கார்ந்துகொண்டது என்று வாய்மொழித் தேர்வில் யாரும் கேட்கவில்லை. நானும் கேட்டுக்கொள்ளவில்லை.

மார்ச் 17

அக்கா வாட்ஸப்பில் ஒரு படம் அனுப்பியிருக்கிறாள். அவர்கள் வீட்டு வாசலில் இருக்கும் தபால்பெட்டி. அதன் மேல் கறுப்பு பெயிண்டில் இலை. காம்பு. சாவி.

"யாரோ வரைஞ்சிட்டுப் போயிருக்காங்கடா. அழகா இருக்குல்ல? பாப்பாவுக்கு ரொம்பப் புடிச்சிருக்கு."

பெரிதாக்கிப் பார்த்தேன். மூன்று பல்.

மார்ச் 17, மறுபடி

"தொடச்சிடுக்கா" என்று மட்டும் எழுதினேன்.

"ஏன்டா, நல்லாத்தான இருக்கு?"

என்ன சொல்வது? உனக்குப் பக்கத்தில் யாரோ — எதற்கு? பயமுறுத்தவா? யாரோ பையன் இணையத்தில் பார்த்து வரைந்திருக்கலாம். இருக்கலாம். இருக்கலாம் இருக்கலாம் என்று எவ்வளவு நேரம் சொல்லிக்கொள்வது?

ஏப்ரல் 3

மூன்றாம் முறை. இலை பாதி போய்விட்டது. சாவி பிடிவாதமாக இருக்கிறது. கறுப்பு மை ஆழம் என்கிறார் டாக்டர்.

வெளியே வந்ததும் போனில் தபால்பெட்டிப் படத்தை எடுத்து நீட்டினேன். கிளோத் வெயிலுக்குக் கையைக் குடைபோல் பிடித்துப் பார்த்தார். ரொம்ப நேரம்.

"யார் வீடு?"

"என் அக்கா வீடு."

வரைந்தவனைத் தெரியும் என்றார். கோடு இழுக்கும் விதம் தெரியும், தன் மார்பில் குத்திய அதே கை. பெயர் சொல்லவில்லை.

"முடிந்துவிட்டது என்றீர்களே?"

"சங்கம் முடிந்துவிட்டது. இரண்டு மூன்று பேர் முடியவில்லை."

பிறகு அவராகவே: வேண்டாதவர்களை விரட்ட எங்களிடம் ஒரு வரிசை இருந்தது. முதலில் குறி. பிறகு தபால்பெட்டி. பிறகு கதவு.

"கதவை என்ன செய்வீர்கள்?"

ஆட்டோ வந்துவிட்டது. ஏறிப் போய்விட்டார். நான் அங்கேயே நின்றேன், போனைப் பிடித்துக்கொண்டு, பைத்தியக்காரன் மாதிரி.

ஏப்ரல் 4

அந்தக் குறி என்ன என்று அத்தானிடம் சொல்லிவிட்டேன். அக்காவிடம் சொல்லாதீர்கள் என்றேன். படித்ததில் தெரியும் என்றேன். கிளோத்தைப் பற்றிச் சொல்லவில்லை. கிளினிக்கில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன், நோயாளி விஷயம் வெளியே போகக் கூடாது. அது மட்டுமா காரணம்?

ஏப்ரல் 22

ஒன்றும் இல்லை. அக்கா குறியைத் துடைத்துவிட்டாள். பாப்பா அழுதாளாம்.

மே 8

தபால்பெட்டியை எரித்துவிட்டார்கள்.

மே 9

அத்தான் போலீசுக்குப் போனார். எழுதிக்கொண்டார்களாம். முன்பு வரைந்திருந்த இலையின் படத்தைக் காட்டியதற்கு, பசங்க வேலையாக இருக்கும், புத்தகத்தில் படித்தது போதாது, இதன் அர்த்தம் நேரடியாகத் தெரிந்தவர் யாராவது வந்து சொன்னால் பார்க்கலாம் என்றார்களாம். அக்காவுக்கு இப்போது எல்லாம் தெரியும். நாற்காலியை இழுத்துக் கதவில் முட்டுக்கொடுத்துவிட்டுத் தூங்குகிறாள்.

"ஊருக்கு வந்துடுக்கா."

"வந்துட்டு? இங்கதான்டா என் வீடு. அப்புறம் திரும்பிப் போவறப்ப எந்த மூஞ்சோட கதவத் தொறப்பேன்?"

மே 15

நான்காம் முறை. ஒவ்வொரு தடவை மிஷின் ஓடும்போதும் அந்த மனிதன் மேல் இருக்கும் ஒரே சாட்சி கொஞ்சம் கொஞ்சமாகக் கரைகிறது. பக்கத்தில் நின்று 'வலிக்கிறது', 'கொஞ்சம் நிறுத்துங்கள்' என்று நான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

கிளினிக் கம்ப்யூட்டரில் முதல் நாள் எடுத்த படம் உண்டு. முகம் இல்லாத படம். யாருடைய நெஞ்சு என்று படம் சொல்லாது.

வெளியே கெஞ்சினேன். ஆமாம், கெஞ்சினேன். பெயரைச் சொல்லுங்கள், நீங்களே போலீசுக்கு எழுதுங்கள்.

சொன்னால் யார் சொன்னது என்று அவர்களுக்குத் தெரிந்துவிடும் என்றார். எனக்கும் கதவு இருக்கிறது என்றார்.

நானே இவர் பெயரைக் கொடுத்தால்? ராணுவச் சின்னம் என்று சாதிப்பார். டாக்டரைக் கேட்டால் அவரும் அதையேதான் சொல்வார். டாக்டருக்குச் சொன்னது யார்?

அடுத்த முறையோடு சாவியும் மங்கிவிடுமாம். டாக்டர் வெளிநாடு போவதால் அது ஜூலையில்தான்.

ஜூன் 11

வீட்டில் கேஸ் சிலிண்டர்காரர் கதவைத் தட்டினார். எழுந்து நின்றுவிட்டேன். தட்டியது இங்கே. எனக்குக் கேட்டது அங்கே.

ஜூன் 30

தபால்பெட்டி எரிந்ததைத் தேவதாஸ் மாமாவிடம் யாரும் சொல்லவில்லை. இதய நோயாளி. மகனும் மருமகளும் சரியாகப் பேசுவதில்லை என்று எங்களிடம் குறைப்பட்டுக்கொள்கிறார். அரிப்புக்கு மருந்து வாங்க அதே டாக்டரிடம் போய்விட்டு வந்திருக்கிறார். "ஒங்க கிளினிக்ல ஒரு பிரெஞ்சு சொல்தா வைத்தியம் பாத்துக்கிறானாமே. பதினாலாந்தேதி பீச்சுக்குக் கூட்டியா எழிலு. ரெண்டு வார்த்த பேசணும்."

என் பொய் ஊருக்குள் நடக்க ஆரம்பித்திருக்கிறது.

ஜூலை 14

நடந்ததை வரிசையாக எழுத முயல்கிறேன்.

கிளோத்தை நான் கூப்பிடவில்லை. அவராகவே கடற்கரைச் சாலைக்கு வந்திருந்தார், போர் நினைவிடத்துக்கு எதிர்ப்பக்கம், கூட்டத்தின் ஓரம். இந்த ஊரில் பிரெஞ்சு தேசிய நாள் இப்படித்தான் என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். கோட்டுப் போட்ட கறுத்த கிழவர்கள். கோட்டு நிறையப் பதக்கங்கள். வியர்வை வழிய, தொண்டை நரம்பு புடைக்க, அவருடைய தேசிய கீதத்தை அவருக்குத் தெரியாத வரிகள் வரைக்கும் பாடினார்கள். அவர் வாய் பாதியில் நின்றுவிட்டது. பார்த்தேன்.

பாட்டு முடிந்ததும், நான் பார்த்த பக்கம் பார்த்துவிட்டு, மாமா நேராக அவரிடம் போய்விட்டார். சல்யூட். பிரெஞ்சில்: "நண்பரே, எந்த ரெஜிமென்ட்?"

கிளோத் சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டார்.

"எந்த வருடம் சேர்ந்தீர்கள்? நான் சாட் நாட்டில் இருந்தேன், பிறகு ஜிபூத்தி."

இந்தக் கேள்வியைக் கேட்க ஆளே இல்லாத ஊர் என்று நினைத்து வந்தவர். கேட்பதற்கென்றே ஆட்கள் இருக்கும் ஊர் இது.

மாமா என் பக்கம் திரும்பிச் சிரித்தார். "இன்னாடா எழிலு, ஒன் ஆளு வாயே தொறக்க மாட்றான். பட்டாளத்துல உருளக்கெழங்கு உரிச்சவனா?"

என்ன சொல்கிறார் என்று கிளோத் என்னைக் கேட்டார். மொழிபெயர்க்க வேண்டியது உருளைக்கிழங்கை.

பேண்டு வாத்தியம் மறுபடி ஆரம்பித்திருந்தது. மாமாவுக்குக் கேட்காதபடி கிளோத்தின் காதோரம் நான் சொன்னது: "எரிந்த தபால்பெட்டி இவர் மகனுடையது. அந்தக் கதவுக்குப் பின்னால் இவர் பேத்தி தூங்குகிறாள். இவருக்கு எதுவும் தெரியாது."

கிளோத் மதில்மேல் உட்கார்ந்துவிட்டார். வெயில் தாங்கவில்லை என்று நினைத்து மாமா தன் தொப்பியைக் கழற்றி அவருக்கு விசிறினார். "தண்ணி வாங்கியாடா, நிக்கிறான் பாரு மரம் மாதிரி!"

தண்ணீர் வாங்கப் போனேன். மூடியைத் தப்புப் பக்கமாகத் திருகிக்கொண்டிருந்தேன். கடைக்காரர் திறந்து கொடுத்தார்.

ஜூலை 17

ஐந்தாம் முறை. அவர் படுக்கவில்லை. நின்றபடி பேசினார். நான் சொன்னேன்:

"நான் ராணுவத்தில் இருந்ததில்லை. இது வெள்ளையர் மட்டும் சேரும் ரகசியச் சங்கத்தின் குறி. ஒரு கடையை எரிக்கப் போனபோது நான் வண்டி ஓட்டினேன். முதல் நாள் பொய் சொன்னேன்."

கூட்டவில்லை. குறைக்கவில்லை. கடைசி வாக்கியத்தை மட்டும் இரண்டு பேருக்குமாகச் சொன்னேன்.

டாக்டர் மிஷினை அணைத்தார். "ஒனக்குத் தெரியுமாப்பா?"

"மறுநாளே தெரியும் மேடம்."

"தெரிஞ்சிகினு வாய மூடிக்கினு நின்ன."

"மொழிபெயர்ப்புக்கு ஒரு விதி —"

"விதியாம் விதி."

சாவி இருக்கட்டும் என்றார் கிளோத். ஊருக்குப் போய்ப் போலீசில் காட்ட வேண்டும். பழைய படங்களையும், இது தன் உடம்புதான் என்று டாக்டரின் கையெழுத்தோடு ஒரு கடிதமும் கேட்டார்.

டாக்டர் எழுதிக் கொடுத்தார். முன்பு லேசர் பட்ட இடம் இன்னும் சிவந்திருந்தது. அதில் மருந்து தடவிவிட்டார். வழக்கமான பகடி எதுவும் இல்லை. கையுறையை மட்டும் இரண்டு தடவை மாற்றினார்.

ஆகஸ்ட் 6

போனாரா? விமானம் ஏறினாரா? போன் அணைந்திருக்கிறது. வேறெங்காவது ஓடியிருந்தால்? மார்பில் பாதி இலையோடு கோவாவில் உட்கார்ந்திருந்தால்? அவரை நம்பினேனா, நம்புவதைத் தவிர ஒன்றும் இல்லாமல் நம்பினேனா?

செப்டம்பர் 2

அத்தானின் செய்தி. ஒரு ஆள் வந்து வாக்குமூலம் கொடுத்திருக்கிறார், சட்டையைக் கழற்றிக் காட்டினாராம். இரண்டு பேர் கைது. குறி வரைந்தவன் அதில் ஒருவன். மூன்றாவதாக இன்னொருவனைத் தேடுகிறார்கள்.

இன்னொருவன்.

அக்டோபர் 9

கிளினிக். "நான் வெயிலில் அதிக நேரம் இருந்துவிட்டேன்" என்று ஒரு சுற்றுலாப் பயணிக்காகச் சொன்னேன். டாக்டர் என்னை ஒரு கணம் பார்த்துவிட்டு, "நெஜமாத்தானே?" என்றார். இப்போதெல்லாம் இப்படித்தான் கேட்கிறார்.

சாயந்திரம் அக்கா பேசினாள். புதுத் தபால்பெட்டி வாங்கியாகிவிட்டது. பெயர் எழுதலாமா வேண்டாமா என்று அத்தான் ஒரு வாரமாக யோசித்தாராம். இன்னொருவன் இன்னும் அகப்படவில்லை.

"அவரு வேலைக்குப் போனதும் நானே எழுதிட்டேன்டா. மேல பிரெஞ்சுல. கீழ தமிழ்ல, தீபலட்சுமின்னு, பெருசா. போஸ்ட்மேன் நின்னு பாத்துட்டு, அழகா இருக்கே, இது இன்னா டிசைனுன்னு கேட்டான்."

"நீ என்ன சொன்ன?"

"என் பேருன்னேன்."

நாற்காலி இன்னும் கதவில்தான் இருக்கிறதா என்று கேட்கவில்லை.