தம்பி பட்டறைமேல் விழுந்த சிவப்பு வட்டம்

அன்புள்ள குட்டிம்மாவுக்கு,

நீ சுகமாக இருக்கிறாய் என்று குரலிலேயே தெரிகிறது, நேரத்துக்குச் சாப்பிடுவதில்லை என்பதும் சேர்ந்தே தெரிகிறது. இங்கே எங்கள் உடம்புக்கு ஒரு குறையுமில்லை. டாக்டர் உன் அப்பாவை நடக்கச் சொன்னார், அவரும் டி.வி.க்கும் ஃபிரிட்ஜுக்கும் நடுவே விடாமல் நடக்கிறார். என் மனசுதான் சரியில்லை, போனில் சொன்னால் அழுதுவிடுவேன் என்றுதான் எழுதுகிறேன்.

உன் மாமா பட்டறையை மூடிவிட்டான். எங்கள் இன்ஷூரன்ஸ் கம்பெனி நேராகப் பணம் கட்டும் பட்டறைகளின் பட்டியலில் இருந்து அவனை எடுத்துவிட்டார்கள், அப்புறம் யார் அவனிடம் வண்டி விடுவார்கள்? எல்லாம் நான் போட்ட படத்தால் வந்தது. நீ வீடியோ காலில் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தாயே, க்ளெய்ம் விவரத்தையெல்லாம் கம்ப்யூட்டரில் கொட்டி, வரைபடத்தில் பட்டறைக்கு ஒரு வட்டம் போட்டு, செலவு ஏற ஏற அது பெரிதாகிச் சிவக்கும்படி, அதேதான். என்ன பெருமையாகச் செய்தேன் தெரியுமா! மேலாளர் அறைச் சுவரில் போட்டுக் காட்டினால் உன் மாமா பட்டறைமேல் தக்காளி மாதிரி ஒரு வட்டம். இந்தப் பட்டறையில் பில்லை ஏற்றுகிறார்கள் போல என்றார் மேலாளர். எனக்குக் காரணம் தெரியும். பெரிய வளைவில் மோதி நொறுங்கும் வண்டிகளையெல்லாம் பக்கத்தில் இருக்கிறதென்று அவனிடம்தான் கொண்டுவந்து தள்ளுவார்கள். மற்றவர்கள் கீறலுக்கு பெயின்ட் அடிக்கிறார்கள், இவன் எஞ்சினையே இறக்குகிறான், செலவு ஒன்றாகவா இருக்கும்? சேதம் எவ்வளவு என்பதை நான் படத்தில் சேர்க்கவில்லை, அதைச் சொல்ல ஒரு வாக்கியம் போதும். ஆனால் அவன் என் தம்பி என்று அங்கே எல்லாருக்கும் தெரியும். தம்பிக்கு வக்காலத்து வாங்குகிறாள் என்பார்களே என்று வாயை மூடிக்கொண்டேன். வேறு யார் பட்டறையாக இருந்தாலும் எழுந்து பேசியிருப்பேனடி, அதுதான் வயிற்றெரிச்சல். என் பேர் கெடக்கூடாதென்று அவன் பேரைக் கெடுத்துவிட்டேன். பிறகு சேதத்தையும் சேர்த்துத் திருத்திக் கொண்டுபோனேன், வட்டம் சின்னதாகப் பச்சையாகத்தான் வந்தது. அன்னைக்கே சொல்லியிருக்கலாமே மேடம், அந்த இடத்துக்கு வேற பட்டறையச் சேத்தாச்சே என்றார் மேலாளர்.

நேற்று மாமா வந்தான். வேறு ஊரில் ஒரு பட்டறையில் சம்பளத்துக்குச் சேர்கிறானாம், வெள்ளிக்கிழமை குடும்பத்தோடு கிளம்புகிறான். வேண்டாம் வேண்டாம் என்றாலும் கேட்காமல் என் காருக்கு பிரேக் பார்த்துக் கொடுத்தான். கையைத் துடைத்துக்கொண்டே, விடுக்கா, நீ அந்த ரூம்ல இருந்தேன்னு கேட்டதும் எனக்கு நிம்மதியாயிடுச்சு, எங்கக்கா எனக்காகப் பேசாம இருந்திருக்க மாட்டா, அவ பேசியும் எடுத்துட்டாங்கன்னா யார் என்ன பண்ண முடியும்னு வீட்லயும் சொல்லிட்டேன் என்றான். நான் டீ ஆறிடும் குடி என்றேன். பாவி எனக்கு வாயில் வந்தது அவ்வளவுதான்.

நீயும் அங்கே இதே வேலைதான் பார்க்கிறாய். யார்மேலாவது சிவப்பு விழுந்தால் அவர்களைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேள். உனக்கு வேண்டியவர்கள் என்றால் அதற்காகவே கேட்காமல் இருந்துவிடாதே.

எந்தக் குறையுமில்லாமல் நல்லா இரு, உன் கைக்கு வந்த வேலை யாருக்கும் கெடுதல் செய்யாமல் இருக்கட்டும். மறக்காமல் மாமாவுக்குப் போன் செய். எங்கக்கா எனக்காக எவ்வளவோ பேசினா என்று உன்னிடமும் சொல்வான். நீ ஆமாம் என்று மட்டும் சொல்லிவிடாதே. வெள்ளிக்கு முன்னால் நான் போய்ச் சொல்ல வேண்டும்.

உன் அம்மா