சொல்லிக்கொள்ளாமல் போனவன்

தெங்கேரா, மலாக்கா
8.3.1993

அன்புத் தங்கை திலகவதிக்கு,

அண்ணன் ஷங்கர் எழுதிக்கொள்வது. நான் நலம், கேசட் கடையும் ஏதோ ஓடுகிறது. உன் அம்மாவின் கால் வீக்கம் வடிந்ததா? அவரைப் பார்த்துக்கொள்வதற்காக நீ பத்து பெரண்டாம் தொழிற்சாலை வேலையை விட்டுவிட்டு எஸ்டேட்டுக்குத் திரும்பிய நாளிலிருந்து, 'கிரே லாந்தர்ன்' இசைக்குழுவைப் பற்றிச் சண்டை போட எனக்கு ஆளில்லை. வருகிறவர்கள் எல்லாம் சினிமாப் பாட்டுதான் கேட்கிறார்கள். நம் ஆட்களின் இருபது நிமிட ராக் பாட்டை ஓடவிட்டால், "கேசட் சிக்கிக்கிச்சாண்ணே?" என்று ஒரு பையன் கேட்கிறான். அவனை என்ன செய்யலாம், நீயே சொல்.

சரி, இப்போது உட்கார்ந்துகொள். கிடைத்துவிட்டது! 'கதவில்லாத வீடு' பாட்டின் ஒத்திகைப் பதிவு! கம்பெனி இதை வெளியிட்டதே இல்லை. லண்டன் ஸ்டூடியோவிலிருந்து எவனோ திருட்டுத்தனமாகக் கொண்டுவந்து, கைமாறிக் கைமாறி, பினாங்கு கணேசமூர்த்தி வழியாக என் கைக்கு வந்திருக்கிறது. பாட்டின் நடுவில் ஒரு குரல் வருமே, அதைத் தலைகீழாக ஓட்டுவதற்கு முன்பு, ஆர்கன் சேர்ப்பதற்கு முன்பு, வெறும் குரலாகவே இதில் இருக்கிறதாம். நான் திபெத்து சாமியார் என்கிறேன். நீ ஏதோ மெஷின் சத்தம் என்கிறாய். தோற்றவர் ஐஸ் செண்டோல் வாங்கித் தர வேண்டும், மறந்துவிடாதே.

நான் இன்னும் கேட்கவில்லை, சத்தியம். கடை மெஷினில் வேகமாக ஓடவிட்டுத்தான் உனக்குப் பிரதி எடுத்தேன், அதில் வெறும் கீச்சுச் சத்தம்தான். நம் வழக்கத்தை மாற்ற வேண்டாம். வருகிற ஞாயிறு பகல் மூன்று மணிக்கு நான் இங்கே போடுகிறேன், நீ அங்கே போடு. கேட்ட கையோடு எழுது. அம்மாவிடம் நான் விசாரித்ததாகச் சொல். மற்றவை மறு கடிதத்தில்.

அன்பு அண்ணன்,
ஷங்கர்

*

தெங்கேரா
14.3.1993, ஞாயிறு

திலகா!

தமிழ்! அது தமிழ் திலகா! திபெத்தும் இல்லை, மெஷினும் இல்லை. யாரோ ஒரு தமிழ்ப் பெண் ஒப்பாரி வைக்கிறாள். நானும் தோற்றேன், நீயும் தோற்றாய். செண்டோலை ஆளுக்குப் பாதி காசு போட்டுக் குடிப்போம்.

நீயும் இதே நேரத்தில் அங்கே துள்ளிக் குதித்திருப்பாய். இத்தனை வருடமாக உலகமே மண்டையை உடைத்துக்கொண்ட குரல் நம்மவர் குரலா! சொற்கள் எனக்குச் சரியாகப் பிடிபடவில்லை, இரைச்சல் அதிகம். மழை என்கிறாள், மரம் என்கிறாள். யார் பெற்ற பெண்ணோ, என்ன குரல் அது, கேட்கக் கேட்க உடம்பு சிலிர்க்கிறது. நாளைக்கே பிரதி எடுத்து நம் ரசிகர் கூட்டம் எல்லாருக்கும் அனுப்பப் போகிறேன். சிரம்பான் பிரவின் இதைக் கேட்டால் மயங்கி விழுந்துவிடுவான் லா!

அவசரம், கடையில் ஆள் நிற்கிறது. மற்றவை மறு கடிதத்தில்.

ஷங்கர்

*

சிம்பாங் அம்பாட்
14.3.1993

ஷங்கர் அண்ணனுக்கு,

நலம் விசாரிக்கத் தோன்றவில்லை, மன்னியுங்கள்.

நீங்கள் சொன்னபடி மூன்று மணிக்குக் கேசட்டைப் போட்டேன். முதலில் கிதார் சுருதி சேர்த்தார்கள், ஏதோ சிரித்தார்கள். பிறகு அந்தக் குரல் வந்தது. ஒப்பாரி என்று தெரிந்ததும் எனக்குத் தூக்கிப் போட்டது. சாவு விழாத வீட்டில் ஒப்பாரி கேட்கலாமா? நிறுத்தத்தான் எழுந்தேன். அதற்குள் அம்மா அடுப்படியிலிருந்து வந்து நின்றார். கையில் ஆய்ந்துகொண்டிருந்த கீரை.

"என் கொரல யாருடி அதுக்குள்ள வெச்சது?" என்றார்.

எனக்கு விளங்கவில்லை. அம்மா கேசட்டோடு சேர்ந்து வாயசைக்கத் தொடங்கிவிட்டார். அடுத்த வரி வருவதற்கு முன்னாலேயே அவர் வாயில் அந்த வரி வந்தது.

மழ விட்டா வாரேன்னு போனவரே என் சாமி,
மரம் முறிஞ்சு வீழையில மண்ணோட சாஞ்சீரே,
வயித்துல கெடக்கிற புள்ள வந்து கேக்கையில
எந்த மரத்தக் காட்டுவேன் நான் எங்க போயி நிக்கவெப்பேன்.

அண்ணே, அந்த வயிற்றுப் பிள்ளை நான்தான். என் அப்பா நல்லமுத்து 1971-இல் ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டப் போன இடத்தில், புயல் மழையில் கிளை முறிந்து விழுந்து இறந்தார். அப்போது அம்மாவுக்கு ஏழு மாதம்.

அம்மாவுக்கு எல்லாம் ஞாபகம் இருக்கிறது. துரை பங்களாவுக்கு விருந்தாளியாக வந்திருந்த ஒரு வெள்ளைக்காரப் பையன், சிவப்புத் தாடி, தோள் வரைக்கும் முடி, எங்கள் லயத்து வீட்டு வாசலில் ஒரு பெட்டியோடு நின்றானாம். துக்கம் கேட்க வந்திருக்கிறான் என்று எல்லாரும் நகர்ந்து இடம் கொடுத்திருக்கிறார்கள். அழுது முடிந்ததும் யாரிடமும் ஒரு வார்த்தை பேசாமல் இறங்கிப் போயிருக்கிறான். சாவு வீட்டில் போய் வருகிறேன் என்று சொல்லக் கூடாது, சொல்லிக்கொள்ளாமல்தான் போக வேண்டும் இல்லையா? "வெள்ளக்காரனுக்குக்கூட நம்ம மொற தெரிஞ்சிருக்கு பாரு" என்று லயமே அவனைப் புகழ்ந்ததாம். அம்மா இன்றுவரை அவனை நல்லவன் என்றே நினைத்திருந்தார்.

பள்ளிக்கூடத்தில் படித்த காலத்திலிருந்து நான் அந்தப் பாட்டைக் கேட்கிறேன். தொழிற்சாலை பஸ்ஸில் வாக்மேனில் போட்டு, முன் சீட்டுக் கம்பியில் விரலால் தாளம் தட்டியிருக்கிறேன். என் அப்பா சாவுக்கு நான் தாளம் தட்டியிருக்கிறேன் அண்ணே.

அம்மா வீட்டைக் கழுவிவிட்டார். பிணம் எடுத்த வீடு மாதிரி மூலை முடுக்கெல்லாம் தண்ணீர் ஊற்றினார். என்னையும் தலையில் ஊற்றிக்கொள்ளச் சொன்னார். இப்போது சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறார். எனக்கு என்ன செய்வதென்றே தெரியவில்லை.

மற்றவை மறு கடிதத்தில்.

தங்கை,
திலகவதி

*

தெங்கேரா
20.3.1993

அன்புத் தங்கைக்கு,

உன் கடிதத்தைக் கடையில் நின்றபடி படித்தேன். படித்து முடித்ததும் நாற்காலியைத் தேடினேன். ஐயோ திலகா! அந்த ஞாயிற்றுக்கிழமை நான் இங்கே குதித்துக்கொண்டிருந்த அதே நேரத்தில் உன் வீட்டில் இப்படியா நடந்தது?

நீ சொன்ன பிறகு ரெக்கார்டின் உறையை எடுத்துப் பார்த்தேன். உள்மடிப்பில் பொடி எழுத்தில் போட்டிருக்கிறது, ஆர்கன் வாசிப்பவரின் மாமா மலாயாவில் எஸ்டேட் துரையாக இருந்தார், பையன் ஒரு கோடைக்காலம் அவரோடு தங்கினான் என்று. சிவப்புத் தாடிப் படமும் அதிலேயே இருக்கிறது. அவனேதான்.

எனக்கு இரண்டு நாள் தூக்கமில்லை. அதிர்ச்சி ஒரு பக்கம். இன்னொரு பக்கம், மறைக்காமல் சொல்கிறேன், பெருமையாகவும் இருக்கிறது. அந்தப் பாட்டைக் கேட்டுவிட்டு எத்தனை பேர் இசைக்குழு தொடங்கினார்கள்! அத்தனை பேருக்கும் மூலம் உன் அம்மா முனியாயியா! அவர் பெயர் உலகத்துக்குத் தெரிய வேண்டாமா? பிரதிகள் இன்னும் தபாலில் போகாமல்தான் இருந்தன. நம் கூட்டத்தின் முறை உனக்குத் தெரியுமே, எங்கே பதிந்தது, யார் குரல் என்று உறையில் எழுதாமல் நாம் எதையும் கைமாற்றுவதில்லை. ஆகவே ஒவ்வோர் உறையிலும் அம்மாவின் பெயரையும் உங்கள் எஸ்டேட் பெயரையும் அழகாக எழுதி அனுப்பிவிட்டேன். அம்மா சந்தோஷப்படுவார் என்று நினைக்கிறேன். சொல்லிப் பார்.

அன்பு அண்ணன்,
ஷங்கர்

*

சிம்பாங் அம்பாட்
25.3.1993

ஷங்கர் அண்ணே,

சந்தோஷமா? உங்களுக்குப் புத்தி கெட்டுவிட்டதா?

நான் உங்களுக்குச் செய்தி எழுதவில்லை. மனசு தாங்காமல் எழுதினேன். சொல்லி அழ எனக்கு வேறு யார் இருக்கிறார்கள்? அதைப் போய் உறையில் எழுதி ஊருக்கு அனுப்பியிருக்கிறீர்களே!

உங்கள் கடிதத்தை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன், மறைக்க மனம் வரவில்லை. அம்மா ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "அப்ப இன்னிக்கு எத்தன வீட்டுலடி உங்கப்பன் செத்துக் கெடக்குறாரு?" ஒவ்வொருவனும் பொத்தானை அழுத்தினால் எங்கள் வீட்டுப் பிணம் கூடத்துக்கு வருகிறது. இரண்டாம் தடவை கேட்க வேண்டுமென்றால் திருப்பி ஓட்டிக்கொள்கிறான்.

அந்த வெள்ளைக்காரனுக்காவது தமிழ் தெரியாது. உங்களுக்குத் தெரியும்.

எல்லாக் கேசட்டையும் திருப்பி வாங்குங்கள். ஒன்று விடாமல். கெஞ்சிக் கேட்கிறேன் அண்ணே.

திலகவதி

*

தெங்கேரா
12.4.1993

அன்புத் தங்கை திலகாவுக்கு,

பதில் எழுதத் தாமதம் ஆனதற்கு மன்னித்துக்கொள். கையில் ஏதாவது வைத்துக்கொண்டு எழுதலாம் என்று காத்திருந்தேன்.

கடையைச் சாத்திவிட்டு வீடு வீடாகப் போனேன். ஜாசின், தம்பின், ஜொகூர் வரைக்கும் பஸ் பிடித்தேன். கணேசமூர்த்தி பினாங்கிலிருந்து அவரே தபாலில் திருப்பி அனுப்பிவிட்டார், மூலப் பிரதியையும் சேர்த்து. நல்ல மனுசன். பிரவின் மட்டும் கொடுக்கவில்லை. "இது ஹிஸ்டரிண்ணே, ஹிஸ்டரிய யாராவது அழிப்பாங்களா?" என்கிறான். ஒரு மாதம் முன்னால் நானும் இதைத்தான் சொல்லியிருப்பேன். திரும்பி வந்தேன்.

ஒன்று சொல்ல வேண்டும். பொட்டலம் கட்டுவதற்கு முன் கேசட்டைக் கடைசி வரை ஒருமுறை கேட்டேன். அன்றைக்குக் குரல் கிடைத்த குஷியில் நான் பாதியிலேயே திருப்பி ஓட்டிவிட்டேன், முடிவைக் கேட்கவே இல்லை. ஒப்பாரி அடங்கிய பிறகு இரைச்சலுக்கு நடுவில் அம்மா குரல் வருகிறது. தொண்டை கட்டிய குரல். "அந்தத் தம்பி வெயில்லயே நிக்குது, யாராச்சும் தண்ணி குடுங்க" என்கிறார். ஒரு சொம்பு வைக்கும் சத்தம் கேட்கிறது. பிறகு டக்கென்று நின்றுவிடுகிறது.

கணவனைக் கிடத்தி வைத்துக்கொண்டு அவனுக்குத் தண்ணீர் கொடுக்கச் சொல்லியிருக்கிறார் திலகா. அவன் குடித்துவிட்டுப் பெட்டியை அணைத்துவிட்டுப் போயிருக்கிறான். நான் கடை வாசலில் உட்கார்ந்து அழுதேன். பக்கத்துக் கடைச் சீனர் ஓடிவந்து யார் செத்தது என்று கேட்டார்.

பிரவினுடையது தவிர எல்லாக் கேசட்டும் இந்தப் பொட்டலத்தில் இருக்கின்றன. அம்மா என்ன சொல்கிறாரோ அதைச் செய்யுங்கள். ஒரு நாள் வந்து அம்மா காலைத் தொட்டு மன்னிப்புக் கேட்க ஆசை. வரட்டுமா? நீ சொன்னால்தான் வருவேன்.

அன்பு அண்ணன்,
ஷங்கர்

*

சிம்பாங் அம்பாட்
26.4.1993

அன்புள்ள ஷங்கர் அண்ணனுக்கு,

பொட்டலம் வந்து சேர்ந்தது. அம்மா நாடாவையெல்லாம் உருவி வாசலில் போட்டுக் கொளுத்தினார். கறுப்புப் புகை, பக்கத்து வீட்டுத் துணியெல்லாம் நாற்றம். கோமளா அக்கா சத்தம் போட்டுவிட்டுப் போனார். அதன் பிறகு அம்மா உட்கார்ந்து நன்றாகச் சாப்பிட்டார். முடிந்தது என்றுதான் நானும் நினைத்தேன்.

நேற்று பிரவின் வந்தான். கூட இன்னொரு பையன், தோளில் வீடியோ கேமரா. உறையில் நீங்கள் எழுதிய பெயரைக் காட்டிக் கேட்டுக்கொண்டே லயம் வரை வந்துவிட்டார்கள். உங்கள் கையெழுத்தை நான் தூரத்திலிருந்தே கண்டுகொண்டேன்.

"ஆண்டி, ஒரே ஒரு தடவ அதே மாதிரி அழுது பாடிக் காட்டுங்க லா. நல்லா வெளிச்சம் இருக்கும்போதே எடுத்துக்கிறோம்" என்றான் பிரவின். துடைப்பத்தைத் தேடினேன்.

அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "என் புருசன் ஒருக்காதான் தம்பி செத்தாரு" என்றார். இரண்டு பேரும் நெளிந்தார்கள். வெயிலில் வந்திருக்கிறார்களே என்று அவர்களுக்கும் தண்ணீர் கொடுக்கச் சொன்னார் அண்ணே. நான்தான் கொண்டுவந்து கொடுத்தேன்.

குடித்துவிட்டு, மோட்டார் சைக்கிளைக் கிளப்பும்போது பிரவின் கையாட்டிச் சொன்னான்: "வர்றோம் ஆண்டி! கட்டாயம் திரும்ப வர்றோம்!"

அம்மா நெஞ்சில் அடித்துக்கொண்டார். "சாவக் கேக்க வந்துட்டு வர்றோம்னு சொல்றானுங்களேடி" என்று அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். அம்மா அழுது நான் பார்த்ததே இல்லை. நேற்று பார்த்தேன். அப்பா விழுந்த மரத்தைக் காட்டச் சொல்லிச் சின்ன வயதில் அம்மாவை நச்சரித்திருக்கிறேன். இப்போது காட்ட மரமும் இல்லை, பால்மரத்தை அழித்து எல்லாம் செம்பனை. இருந்தது அந்த அழுகை ஒன்றுதான், அதற்கும் ஆட்கள் வந்துவிட்டார்கள்.

நீங்கள் கெட்டவர் இல்லை. கடை வாசலில் அழுதீர்கள் என்பதை நம்புகிறேன். எத்தனை வருடம் எனக்குப் பாட்டு அனுப்பினீர்கள், தொழிற்சாலையில் தனியாக இருந்தபோது எனக்கு அண்ணனாக இருந்தீர்கள், நான் ஒன்றையும் மறக்கவில்லை. "அந்தத் தம்பி வரட்டுமே, பாவம்" என்று அம்மாகூடச் சொன்னார். எனக்குத்தான் வாய் வரவில்லை. உங்கள் கையெழுத்தைப் பார்த்தாலே அந்த உறைதான் கண்ணில் நிற்கிறது.

நீங்கள் கொடுத்த கேசட்டுகள் எல்லாவற்றையும் மைலோ பெட்டியில் கட்டி, மலாக்கா போகிற எஸ்டேட் லாரியில் தங்கையா அண்ணனிடம் கொடுத்துவிட்டேன். கடைக்கே கொண்டுவந்து தருவார். வாக்மேனும் அதில் இருக்கிறது.

எப்போதும் 'மற்றவை மறு கடிதத்தில்' என்று எழுதி முடிப்பேன். இந்த முறை எழுதவில்லை. சாவு வீட்டிலிருந்து எப்படிக் கிளம்ப வேண்டும் என்று உங்களுக்குத் தெரியும்.

திலகவதி