பீரோ விற்பனைக்கு இல்லை

என்னங்க,

நைட் ஷிப்ட் முடிந்து வந்ததும் சாப்பிட்டுவிட்டுத் தூங்குங்கள். வத்தக்குழம்பு அடுப்பு மேல் இருக்கிறது. ஸ்பானிஷ் பழக நீங்கள் சட்டியில் ஒட்டிய பெயர்ச் சீட்டு ஆவியில் கழன்று குழம்பிலேயே விழுந்தது, எடுத்துப் போட்டுவிட்டேன். அந்த மொழியில் சட்டி ஆண்பாலா பெண்பாலா என்று தெரியாமலே சாப்பிடலாம்.

கட்டில், ஃபேன், பீரோ என்று எல்லாவற்றிலும் சீட்டைப் பார்த்த கீழ்வீட்டு ரோஷன் அக்கா, நாம் குவார்ட்டர்ஸைக் காலி செய்கிறோம் என்றே முடிவு கட்டிவிட்டார். "இன்னா லோகா, டிரான்ஸ்பர் வந்துட்ச்சா? பீரோவ வேற யாருக்கும் பேசிடாத, நான் எட்த்துக்கிறேன்" என்கிறார். 'அவர் ஸ்பானிஷ் படிக்கிறார்' என்று நான் சொன்னால் நம்பவில்லை. மறுபடி வந்தால் நீங்களே சொல்லிக்கொள்ளுங்கள்.

வேப்பம்பட்டுக்குப் போய் என் தங்கையைப் பார்த்துவிட்டுச் சாயங்காலம் வந்துவிடுவேன். நேற்றைய சண்டைக்காகப் போகவில்லை.

லோகநாயகி

பி.கு: பெரு நாட்டு வேலைக்குத் தனியாகத்தான் போவேன் என்று நேற்றுச் சொன்னீர்கள். பரண் மேல் இருக்கும் சூட்கேஸில் 'என் பெட்டி' என்று ஸ்பானிஷில் ஒட்டியிருந்தீர்களே, உங்கள் புத்தகத்தைப் பார்த்து அதை 'நம் பெட்டி' என்று மாற்றிவிட்டேன். எழுத்துப்பிழை இருந்தால் மட்டும் திருத்துங்கள்.