கால் மட்டும் தெரிந்த அம்மா

இன்று காலை, வேலை செய்யும் வீட்டுச் சின்னவனுக்குப் பள்ளி நாடகத்தில் மீசை வேண்டுமாம். பாட்டில் தக்கை ஒன்றை அடுப்பில் சுட்டுக் கரியாக்கினேன். அந்த வாடை மூக்கில் ஏறியதும் உன் ஞாபகம் வந்து கையை உதறிவிட்டேன். நீ போய் வருஷம் ஒன்றாகிறது. சாவுக்கு வந்தேன், அழவில்லை. ஏன் என்று உனக்குச் சொல்லிவிடத்தான் இந்தக் கடிதம்.

அப்போது சுதந்திரம் வந்து நாலைந்து வருஷம் இருக்கும். பட்டாளத்துக்காரர்கள் குடியிருந்த கண்டோன்மெண்டில் பக்கத்துப் பக்கத்து பங்களாக்களில் நாம் ஆயா வேலை பார்த்தோம். ஞாயிற்றுக்கிழமை காலையில் சினிமாக் கொட்டகையில் குழந்தைகளுக்கென்று கார்ட்டூன் போடுவார்கள். குழந்தைகளுக்கு நாற்காலி, கூட்டிவந்த ஆயாக்கள் பின்சுவரோரம் நிற்கலாம். வாரம் முழுக்க நாம் காத்திருந்தது அதற்குத்தான். நாய் வழுக்கி விழும், பூனைமேல் அண்டா கவிழும், வெடி வெடித்து எல்லாருக்கும் முகம் கருத்துப்போகும். நாமும் வயிறு வலிக்கச் சிரிப்போம்.

ஒருநாள் படத்தில் ஒரு வேலைக்காரம்மா வந்தாள். தடித்த கறுத்த கால்கள், கிழிந்த செருப்பு, கையில் துடைப்பம். இடுப்புக்கு மேலே காட்டவே இல்லை. நாயைத் துரத்திப்போய் விழுந்தாள், கொட்டகையே அதிர்ந்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் காலும் அதே கறுப்பு, அதே கனம். போதாததற்கு இடது காலை இழுத்து நடப்பவள் நான். நீ என் கையைப் பிடித்துக்கொண்டாய்.

"இவ நம்ம தங்கவயல் பொம்பளைடி. எங்க சின்னம்மா காலு இப்படித்தான் இருக்கும்."

"வெள்ளக்காரன் படத்துல நம்மூரு பொம்பள எப்படிடி வருவா?"

"கப்பல்ல கூட்டினு போயிருப்பானுங்க. மூஞ்சியக் காட்டினா என்னா கொறஞ்சா போயிடும் அவனுங்களுக்கு?"

நம்பினேன். அப்புறம் எத்தனையோ வாரம் அவள் முகம் வருமா என்று பார்த்து நின்றோம். மூக்குத்தி போட்டிருப்பாளா என்று வழியெல்லாம் பேசிக்கொண்டு வருவோம்.

உன் பங்களாப் பாப்பாவின் பிறந்தநாளுக்கு என் வீட்டுப் பையனை நான் அழைத்து வந்திருந்தேன். ஏதாவது வேடிக்கை காட்டச் சொன்னாள் துரைசானி. நீ உள்ளே போய், தக்கைக் கரியை முகமெல்லாம் அப்பி, இடுப்பில் தலையணை கட்டி, துடைப்பத்தோடு வந்தாய். அந்த அம்மாதான். அதுவரை சரி. ஆனால் படத்தில் அவள் நேராகத்தான் நடந்தாள். நீ இடது காலை இழுத்தாய்.

"ஹே, இது எங்க ஆயா!" என்று நான் வளர்த்த பிள்ளையே கத்தினான். கூடமே என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தது. நீ நிறுத்தவில்லை. இன்னும் கொஞ்சம் இழுத்து, விழுந்தும் காட்டினாய்.

மறுநாள் வேலியோரம் கேக் துண்டோடு வந்து நின்றாய். "சும்மா தமாஷுக்குடி. துரைசானியம்மா கேட்டாங்க, என்னா பண்ணச் சொல்ற?"

நான் வாங்கவில்லை. வேலை போய்விடுமோ என்று பயந்திருப்பாய், இன்று புரிகிறது. புரிந்து என்ன? அவர்கள் சிரித்ததைத் தாங்கிக்கொள்வேன், அவர்களுக்கு என்னை என்ன தெரியும்? நீ என் காலுக்கு எண்ணெய் தேய்த்துவிட்டவள். எந்த இடத்தில் வலிக்கும் என்று தெரிந்தவள் நீ ஒருத்திதான். தெரிந்துதானே செய்தாய்?

ஒன்று உனக்குக் கடைசிவரை தெரியாது. அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தபோது, கதவோரம் நின்ற நானும் பல்லைக் காட்டிச் சிரித்தேன். நீ நடித்ததைக்கூட ஒருநாள் மன்னித்துவிடுவேன். என்னைப் பார்த்து என்னையே சிரிக்க வைத்தாயே, அதை மன்னிக்க எனக்கு இன்னும் மனசு வரவில்லையடி.