எரேமியாவில் விழுந்த மழை

பெரிய பாலம் தோட்டம்,
சிகாமட்.
1931 பிப்ரவரி 8, ஞாயிறு.

கர்த்தருக்குள் பிரியமான, கூடப் பிறக்காத தம்பி வேதமாணிக்கத்துக்கு, அண்ணன் சுவிசேஷமுத்து வாயால் சொல்ல, கடைக்கார ருக்னுதீன் பாய் கையால் எழுதுவது.

நான் சுகம்; என் இடது கால் மட்டும் சுகமில்லை. கிறிஸ்துமசுக்கு முந்தின வாரம் வாய்க்கால் பலகையில் வழுக்கி, முழங்காலுக்குக் கீழே கிழித்துக்கொண்டேன். புண் ஆறும்வரை கட்டிலை விட்டு இறங்கக் கூடாதென்று தோட்டத்து மருந்துக்காரர் டிரெசர் உத்தரவு. இல்லாவிட்டால் இந்தக் காகிதம் வராது, நானே ரயிலேறி வந்திருப்பேன். பாய் கடையைச் சாத்திவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். "சுருக்கா சொல்லுங்க நானா, வெங்காயத்துக்கு ஆள் வந்திரும்" என்று அவசரப்படுத்துகிறார். அண்ணனை அவர்கள் நானா என்பார்கள்.

உன் கடிதம் வந்து நாலு மாதம் ஆகிறது. சண்டை போட எனக்கு மனசில்லை. உன் வீட்டுக்காரி ஞானப்பூவை மண்ணில் வைத்து ஒரு வருஷம்கூட முடியவில்லை. உனக்குப் பேனா எடுக்கத் தோன்றாது, தெரியும்.

ஆனால் லாரி ஓட்டுகிற லெட்சுமணன் நேற்று வந்து ஒன்று சொன்னான். அவன் சொன்னபடியே சொல்கிறேன்: "உங்க சிநேகிதர் தோட்டத்துல வேதக்காரங்க பூரா காய்ச்சலுக்குக் கொடுக்கிற கொய்னாவைத் துப்புறாங்க தாத்தா. காலைப் பெரட்டுல, ஆள் கணக்கு எடுக்கிறப்ப, டிரெசர் கொடுக்கிற மாத்திரையை நாக்குக்கு அடியில வச்சிக்கிட்டு, வாயைத் திறந்து காட்டிட்டு, மரத்தடிக்குப் போனதும் துப்பிடுறாங்க. மருந்து தின்னா அவிசுவாசமாம். சிங்கப்பூர்லேருந்து வந்த ஒரு போதகர் சொன்னாராம். வரிசையில முன்னாடி நிக்கிறதே உங்க ஆளுதான்."

உன் மகள் ராசம்மா ஏழு மாதக் கர்ப்பிணி என்றும், மூன்று தடவை குளிர்காய்ச்சல் கண்டு கிடந்தாள் என்றும், அவளுக்கும் கொய்னா இல்லை என்றும் சொன்னான். மாப்பிள்ளை சிங்கப்பூர்த் துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறார்; பிள்ளை உன் கையில் இருக்கிறாள்.

அத்தனையும் பொய் என்று இரண்டு வரி எழுதிப்போடு. எனக்கு அது போதும்.

உன் அண்ணன்
சுவிசேஷமுத்து
(இடது பெருவிரல் ரேகை)


பத்தாங்கட்டைத் தோட்டம்,
ஸ்கூடாய்.
1931 பிப்ரவரி 19.

அன்புள்ள அண்ணாச்சிக்கு ஸ்தோத்திரம்.

லெட்சுமணன் சொன்னது பொய் இல்லை.

போன வருஷம் ஞானப்பூவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். டிரெசர் சொன்ன மருந்தெல்லாம் கொடுத்தார்கள். ஊசி போட்டார்கள். மூன்றாம் நாள் துணியால் மூடித் தந்தார்கள். மருந்தை நம்பின எனக்குக் கிடைத்தது அதுதான்.

அதன் பிறகு இரண்டு மாதம் நான் ஜெபம் பண்ணவில்லை. உங்களுக்கு அது தெரியாது. அப்போதுதான் தங்கராஜு போதகர் இந்தப் பக்கம் வந்தார். என் வீட்டுத் தரையில் உட்கார்ந்து என்னோடுகூட அழுதார். வேறு யார் அழுதார்கள்? மருந்தைத் தொடுகிறவன் கர்த்தருடைய கையைத் தட்டிவிடுகிறான் என்று வசனத்திலிருந்தே காட்டினார். இங்கே பதினாலு குடும்பம் அந்த வாக்குத்தத்தத்தில் நிற்கிறது. நான் அவர்களுக்கு மூப்பன். ராசம்மாவுக்கு எண்ணெய் பூசி ஜெபித்தாயிற்று. சுகம் வரும்.

போதகர் அச்சிட்ட தாளை இதனுள் வைத்திருக்கிறேன். பாயை வாசிக்கச் சொல்லுங்கள். எரேமியா தீர்க்கதரிசி சொன்னதை முதலாவது பாருங்கள். வைத்தியரைத் தேடின ஆசா ராஜா செத்ததையும் பாருங்கள். என் பழைய வேதப் புத்தகத்தை உங்களிடம் விட்டு வந்த பிறகு நான் வேறு வாங்கவில்லை. வேண்டிய வசனங்களைப் போதகரே அச்சிட்டுத் தருகிறார்.

அண்ணாச்சி, உங்களைக் குறைவாகச் சொல்லவில்லை. நீங்கள் காதால் கேட்டவர். எழுத்தறியாதவருக்கு இந்த ஆழம் பிடிபடாது. இதைப்பற்றி இனி எனக்கு எழுத வேண்டாம்.

இப்படிக்கு,
வேதமாணிக்கம்


பெரிய பாலம் தோட்டம்,
சிகாமட்.
1931 பிப்ரவரி 26.

தம்பி வேதமாணிக்கம்,

எழுத வேண்டாம் என்றாய். நான் எழுதவில்லை, பாய்தான் எழுதுகிறார்.

முதலில் ஒன்று. நீ அழுதபோது நான் பக்கத்தில் இல்லை. அந்தப் போதகர் இருந்தார். அது என் குறை, ஒப்புக்கொள்கிறேன். அவர் கண்ணீரைப்பற்றி நான் ஒன்றும் பேசமாட்டேன். அவர் தாளைப்பற்றிப் பேசுவேன்.

பாய் அதை உரக்க வாசித்தார். "எரேமியா நாற்பத்தாறு: திரளான அவிழ்தங்களை நீ கூட்டுகிறது விருதா, உனக்கு ஆரோக்கியம் உண்டாகாது." அவிழ்தம் என்றால் மருந்து. அவ்வளவுதான் அச்சில் இருந்தது. நான் சொன்னேன், "நிறுத்துங்க பாய். இதுக்குத் தலை எங்கே?" "தலையா? இங்கே இவ்வளவுதான் இருக்கு" என்றார்.

வேதமாணிக்கம், அதற்குத் தலை உண்டு. நீதான் எனக்கு வாசித்தாய். சிகாமட்டுக்கு ரயில் வந்த மறு வருஷம், ரப்பர்ப் பால் நிறுத்து முடித்த மத்தியானம், பழைய பால் கொட்டகையில். நீ சாக்கின் மேல் உட்கார்ந்திருந்தாய், நான் கத்தி தீட்டிக்கொண்டிருந்தேன். "எகிப்தின் குமாரத்தியாகிய கன்னிகையே" என்று நீ தொடங்கினாய். நான் உன்னை மறித்து, "எகிப்துக்கு என்ன நோய்?" என்று கேட்டேன். "நோய் ஒண்ணும் இல்ல அண்ணாச்சி, பாபிலோன்காரன்கிட்ட அடி வாங்கப் போறா. அந்தக் காயத்துக்கு எண்ணெய் தேடாதேன்னு சொல்றாரு" என்றாய். அப்போது மழை கொட்டியது. கூரைக் கீற்று விலகியிருந்த இடத்தில் தண்ணீர் நேரே பக்கத்தின்மேல் விழுந்தது. நீ உன் தலைத்துண்டால் ஒற்றி எடுத்தாய். அன்றைக்கு அத்தோடு நிறுத்தினோம்.

இதைச் சொல்லிவிட்டு, பெட்டிக்குள் இருக்கிற உன் புத்தகத்தை எடுக்கச் சொன்னேன். பாய் இலக்கம் பார்த்துப் புரட்டினார். வரிமேல் விரல் வைத்துக்கொண்டே போனார். பிறகு, "அல்லாவே! ஒரு சொல் பிசகலை நானா. மழைக்கறைகூட இருக்கு" என்றார். என்னால் வாசிக்க முடியாத அந்தப் பக்கத்தைக் கையில் வாங்கிப் பார்த்தேன். பழுப்பாக, கோழிமுட்டை அளவு கறை.

உங்கள் ஆட்கள் மாத்திரையை நாக்குக்கு அடியில் ஒளிக்கிறார்கள். உங்கள் போதகர் வசனத்தில் பாதியை ஒளித்துவிட்டார். எகிப்துக்குச் சொன்ன சாபத்தை எடுத்து உன் மகள் தலையில் வைத்துவிட்டார்.

ஆசா ராஜாவுக்கு வருகிறேன். அவன் பரிகாரிகளைத் தேடினது குற்றமாக எழுதப்படவில்லை. கர்த்தரைத் தேடாமல் அவர்களை மட்டும் தேடினான், அதுதான் குற்றம். அதை நீ வாசித்தது உன் கல்யாணத்துக்கு முந்தின சனிக்கிழமை. எசேக்கியா ராஜா சாகக் கிடந்தபோது கர்த்தர் பதினைந்து வருஷம் கூட்டிக் கொடுத்தார். கொடுத்துவிட்டு, அத்திப்பழத்து அடையைப் பிளவையின் மேல் போடவும் சொல்லவைத்தார். கர்த்தருக்கு அடை எதற்கு? ஆனாலும் போடச் சொன்னார். பவுல் அப்போஸ்தலர் தம்முடைய கூட்டாளி துரோப்பீமுவை வியாதியோடு மிலேத்துவில் விட்டுவிட்டுப் போனார். பவுலுக்கு விசுவாசம் போதவில்லையா? அவரோடு கடைசிவரை இருந்த லூக்கா யார்? வைத்தியன். பிரியமான வைத்தியன் என்று பவுலே சொல்கிறார்.

எண்ணெய் பூசி ஜெபித்தது நல்லது. நானும் இங்கிருந்து ஜெபிக்கிறேன். ஜெபித்த வாயிலேயே மாத்திரையையும் போடு.

இன்னொன்று சொல்ல வேண்டும். சொல்ல நாக்கு கூசுகிறது. ஞானப்பூ போனபோது நீ எழுதின கடிதத்தைப் பாய் எனக்கு வாசித்தார். "காய்ச்சல் தானாக விடும் என்று இருந்தோம், ஒன்பதாம் நாள்தான் வண்டி கட்டினோம்" என்று எழுதியிருந்தாய். மருந்து தோற்றுப்போகவில்லை தம்பி. பிந்திப் போனது. உன்னைக் குற்றவாளி ஆக்கவில்லை. உன் இடத்தில் நானும் அப்படியேதான் இருந்திருப்பேன். ஆனால் இரண்டாம் முறையும் எண்ணிக்கொண்டு உட்காராதே.

எழுத்தறியாதவன் என்றாய். அது மெய். எனக்கு எழுத்து தெரியாததால்தான் ஒரு சொல்லையும் விட்டுவிட வழியில்லாமல் போயிற்று. கீழே விழுந்தால் என்னால் திரும்ப எடுக்க முடியாதே.

உன் புத்தகத்தை லெட்சுமணன் கையில் அனுப்புகிறேன். கறை இருக்கிற இடத்தில் பாய் ஒரு தேங்காய் நார் வைத்திருக்கிறார். திற. தலையிலிருந்து வாசி.

உன் அண்ணன்
சுவிசேஷமுத்து
(பெருவிரல் ரேகை)

வேதமாணிக்கம் அண்ணனுக்கு ருக்னுதீன் ஸலாம். நான் உங்க மார்க்கத்து ஆள் இல்லை. ஆனா இந்தக் கிழவர் சொல்லச் சொல்ல நான் புத்தகத்தில் விரல் வைத்துப் பார்த்தேன், எதிலும் தப்பில்லை. பிள்ளைக்கு மருந்து கொடுங்க.


சிகாமட்.
1931 மார்ச் 15, ஞாயிறு.

தம்பி,

புத்தகம் உன் கையில் சேர்ந்து பதினைந்து நாள் ஆயிற்று என்று லெட்சுமணன் சொன்னான். நீ வாங்கிப் பெட்டிமேல் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாயாம். தண்ணீர்கூடக் கொடுக்கவில்லையாம்.

என்னோடு பேசாவிட்டால் போகட்டும். ராசம்மா எப்படி இருக்கிறாள் என்பதை மட்டும் யாரிடமாவது சொல்லி அனுப்பு.

சுவிசேஷமுத்து
(பெருவிரல் ரேகை)


பத்தாங்கட்டைத் தோட்டம்,
ஸ்கூடாய்.
1931 ஏப்ரல் 12, ஞாயிறு.

என் அண்ணாச்சிக்கு,

நல்ல செய்தி கையில் இல்லாமல் உங்களுக்கு எழுத எனக்கு முகமில்லை. அதனால்தான் இத்தனை நாள்.

புத்தகம் வந்தபோது எனக்கு உங்கள்மேல் அவ்வளவு கோபம். ஒன்பதாம் நாள் என்று எழுதினீர்களே, அதற்காக. திறக்கவில்லை. மார்ச் முதல் வாரம் ராசம்மாவுக்குத் திரும்பவும் காய்ச்சல் வந்தது. கட்டில் கால் நாலும் ஆடுகிற நடுக்கம். நாலாம் நாள் காலையில் நான் நெற்றியைத் தொட்டபோது கண்ணைத் திறந்து, "அப்பா, அம்மாவுக்கு எத்தனாம் நாள் வண்டி கட்டுனீங்க?" என்று கேட்டாள்.

எழுந்து போய்ப் புத்தகத்தைத் திறந்தேன். நார் இருந்தது. கறை இருந்தது. கறைக்கு மேலே எகிப்தின் குமாரத்தி இருந்தாள். என் தலைத்துண்டு ஒற்றின இடத்தில் அச்சு கொஞ்சம் மங்கியிருந்தது, அண்ணாச்சி. என் கையால் ஒற்றினதை நானே மறந்துவிட்டேன்.

அன்று பகலில் போதகர் ஜெபத்துக்கு வந்தார். பதினாலு குடும்பமும் வாசலில் இருந்தார்கள். அவர்கள் கேட்கத்தக்கதாகத் தலையிலிருந்து வாசித்தேன். அவர் சிரித்துக்கொண்டே, "அதெல்லாம் முன்னுரை, மூப்பரே. வாக்குத்தத்தம் பின்னாலதான் இருக்கு" என்றார்.

"முன்னுரை வேண்டாம்னா கர்த்தர் ஏன் ஐயா அதைச் சொன்னாரு?" என்றேன்.

"உங்களுக்கு யாரோ சொல்லிக் கொடுத்திருக்காங்க."

"ஆமா ஐயா. எழுத்து வாசிக்கத் தெரியாத ஒருத்தர்."

மறுநாள் காலைப் பெரட்டில் டிரெசர் முன்னால் போய் நின்றேன். மாத்திரையை வாங்கி எல்லோருக்கும் தெரிய நாக்கில் வைத்து, தண்ணீர் இல்லாமலே விழுங்கினேன். கசப்பு தொண்டைவரை எரிந்தது. வாயைத் திறந்து, நாக்கைத் தூக்கிக் காட்டினேன். "பெரியவரே, இவ்வளவு வேணாம்" என்று டிரெசர் சொன்னார். "இத்தனை நாளா ஏமாத்தினேன் சார், நல்லாப் பாருங்க" என்றேன். வரிசையில் பின்னாலிருந்து போதகருடைய ஆள் ஒருவன் "யூதாசு!" என்று கத்தினான். எனக்குப் பின்னால் பத்துக் குடும்பம் விழுங்கினது. நாலு குடும்பம் அவரோடு போய்விட்டது. அந்த நாலுக்கும் நான்தான் முன்னே வழி காட்டினவன். ஞாயிறுதோறும் போய்க் கதவைத் தட்டுகிறேன்.

அன்றைக்கே வண்டி கட்டி ராசம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். ஆறாம் நாள் காய்ச்சல் விட்டது. உயிர்த்தெழுந்த பண்டிகை முடிந்து மூன்றாம் நாள், புதன்கிழமை, பெண் குழந்தை பிறந்தது. பூனைக்குட்டி போல் சிறிசு. அழுகை மட்டும் துரை பங்களாவரை கேட்கிறது. ஞானப்பூ என்று பெயர் வைத்திருக்கிறோம்.

அண்ணாச்சி, எழுத்தறியாதவர் என்று நான் எழுதின வரியை அடித்துவிடச் சொல்லிப் பாயிடம் கேளுங்கள். புத்தகத்தை லெட்சுமணனிடம் திருப்பிக் கொடுத்து அனுப்புகிறேன்.

உங்கள் தம்பி
வேதமாணிக்கம்


பெரிய பாலம் தோட்டம்,
சிகாமட்.
1931 ஏப்ரல் 19, ஞாயிறு.

என் தம்பி வேதமாணிக்கத்துக்கு, ராசம்மாவுக்கு, சின்ன ஞானப்பூவுக்கு, பேத்தி பெயரைக் கேட்டு அழுத கிழவன் சொல்லி எழுதுவது.

புத்தகத்தை அனுப்பாதே. அந்த நாலு வீட்டுக் கதவையும் தட்டப் போகிறவனுக்கு அது கையில் இருக்க வேண்டும். ஆனால் எந்த வசனத்தை வாசித்தாலும் யாருக்குச் சொன்னது, எப்போது சொன்னது என்று தலை முதல் கால்வரை வாசி. அவர்கள் திட்டினால் கேட்டுக்கொள். நீ என்னைத் திட்டினபோது நான் கேட்டுக்கொள்ளவில்லையா?

அந்த வரியைப் பாய் அடிக்கப் பேனாவை எடுத்தார். நான் விடவில்லை. பேதுருவையும் யோவானையும் ஆலோசனைச் சங்கத்தார் பார்த்து, படிப்பறியாதவர்கள் என்றுதான் ஆச்சரியப்பட்டார்கள். அந்த வரிசையில் கடைசி ஆளாக எனக்கும் ஓர் இடம் கொடுத்து எழுதினவன் நீ. அதை அழிக்க நான் என்ன பைத்தியமா? பாய் கடைச் சுவரில் ஒட்டி வைக்கச் சொல்லியிருக்கிறேன். "நீங்க சபைக்குப் பெரியவராச்சே நானா, மானக்கேடு" என்கிறார். ஒட்டட்டும்.

நான் பெருமைப்படுகிறேன் தம்பி. என்னைப்பற்றி இல்லை. பத்தாங்கட்டைத் தோட்டம் முழுக்கப் பார்க்க நாக்கைத் தூக்கிக் காட்டினாயே, அதை நினைத்து. எனக்கு வசனம் சொல்லத் தெரியும். பத்துக் குடும்பத்தின் முன்னால் நான் தப்பு என்று சொல்லியிருப்பேனா, எனக்குத் தெரியாது.

புத்தகம் இல்லாததால் பெட்டி லேசாக இருக்கிறது. சாயங்காலம் பாய் வெங்காயம் நிறுத்துக்கொண்டே, "இன்னிக்கு எந்த இடம் நானா?" என்று கேட்கிறார். நான் சொல்கிறேன். கால் புண் ஆறிவிட்டது. அடுத்த மாதம் சம்பள ஞாயிறு கழிந்து ரயிலேறுவேன். குழந்தையை என் மடியில் வைக்க ராசம்மாவிடம் இப்போதே சொல்லிவை.

கடைசியாக ஒரு செய்தி. உங்கள் தங்கராஜு போதகர் அங்கே கூட்டம் குறைந்துபோனதால் வடக்கே சிகாமட் பக்கம் வருகிறாராம், லெட்சுமணன் சொன்னான். எங்கள் கூலி லயத்தில் வேதப் புத்தகம் ஒன்றுகூட இல்லை, எழுத்தறியாத ஒரு கிழவன்தான் சபைக்குப் பெரியவன் என்று யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறார்கள்.

நல்லது. வரட்டும்.

சுவிசேஷமுத்து
(இடது பெருவிரல் ரேகை; இந்தத் தடவை மை கொஞ்சம் அதிகம்)