குஞ்சுக் கொட்டாய் ஹீட்டரு கெடல

சத்யா, நீ அசந்து தூங்கற, எழுப்பல. குஞ்சுக் கொட்டாய் ஹீட்டரு கெடல புள்ள. ஃபேன்ல உமித்தூசி அடைஞ்சு காத்து வரல, உள்ள சூடு ஏறவும் லிமிட் சுவிட்ச் கேஸை நிறுத்தியிருக்குது. அது புரியாம, சும்மா சும்மா அணையுதேன்னு சுவிட்ச உட்டுட்டு ஒயரை நேரா முடிஞ்சவன் நானு. நீ அதைப் பிரிச்சதுக்குப் போயி அம்மா முன்னால அந்தக் கத்து கத்திட்டேன். நீ பிரிக்கலைன்னா கொட்டாயே எரிஞ்சிருக்கும்.

தூசியத் தொடச்சு, ஒயரை சுவிட்ச் வழியாவே மாட்டிட்டேன். மறுபடி அணைஞ்சா சிலிண்டரை மூடிட்டு போன் பண்ணு. தக்காளிச் சோறு மூடி வெச்சிருக்கேன், உப்பு கம்மிதான்.

"சூடானா அது நின்னுக்குதுங்க, உங்களுக்குத்தான் நிக்கத் தெரியல"ன்னியே. நெசந்தான். அம்மாகிட்டயும் சொல்லிட்டேன்.

இன்னொண்ணு. கட்டிலுக்கடியில நீ கட்டி வெச்ச பையைப் பாத்தேன். ஆட்டையாம்பட்டிக்கு உங்கம்மா ஊட்டுக்குப் போறதுன்னா போ சாமி, தடுக்கல. தீவனம் எறக்கிட்டு வந்து நானே வண்டில கொண்டுபோயி உடறேன். தனியா பஸ்ஸேறிராத.